மனைவி சொன்ன ஒன்ராறியோ

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் அதன் எல்லைகளைக் கேட்டால் இப்போதும் தடுமாறாமல் சொல்வேன். மேற்கே மானிடோபா. கிழக்கே கியூபெக். வடக்கே ஹட்சன் குடா. ஆகவே ஏரிகளுக்குப் பேர்போன அந்த மாகாணத்துக்கு உப்புத் தண்ணீர்க் கரையும் உண்டு. அங்கே வீடு வாங்கி வாழ்கிற எங்கள் சனத்தில் பலருக்கு இது தெரியாது. தெற்கே அமெரிக்கா. பேரேரிகள் ஐந்தில் நான்கு அதைத் தொடுகின்றன. மிச்சிகன் ஏரி மட்டும் முழுவதும் அமெரிக்காவுக்குள் கிடக்கிறது. பரப்பில் மூன்று ஜெர்மனிகளை உள்ளே வைக்கலாம். மாகாணத்தின் தலைநகரமும் நாட்டின் தலைநகரமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு ஊர்கள்.

இதெல்லாம் என் மனைவி தொலைபேசியில் சொல்லித் தந்தது. அவளைப் பற்றி யாராவது இத்தனை கேள்விகள் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. கேட்டார்கள். முடியவில்லை.

தொண்ணூறுகளில் நான் ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் இருந்தேன். ஊரில், இலங்கையில், காணிப் பதிவுக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தவன். எண்பதுகளில் மற்றவர்களைப் போல கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்குள் வந்து, அகதியென்று கைதூக்கினேன். அந்த விண்ணப்பத்தை நானே எழுதினேன், வழக்கறிஞர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அங்கீகாரம் கிடைத்தபின் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். மாலையில் ஊர்ச் சனத்துக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பேன். எந்த அலுவலகத்தில் எந்த நாளில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுப்பது, எந்தத் தாளுக்கு மொழிபெயர்ப்பு தேவை, எந்தத் தாளைக் கேட்டால் மட்டும் காட்டுவது, எல்லாம் எனக்குத் தெரியும். கெல்சென்கிர்ச்சனில் என் கையால் குடும்பத்தோடு சேர்ந்தவர்கள் நிறையப் பேர். இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

எனக்கு நாற்பது நெருங்கிய நேரத்தில் ரொறன்ரோவிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. பெண் அண்ணனின் குடும்பத்தோடு ஸ்காபரோவில் இருந்தாள், ஒரு தொழிற்சாலையில் வேலை. அவள் இங்கே வருவதா, நான் அங்கே போவதா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அக்காலத்தில் ஜெர்மனியில் இருப்பவன் கனடாவுக்குப் போவதுதான் இயற்கை. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதைப் போல என்று பெண்ணின் அண்ணன் சொன்னார். பள்ளம் எது என்று நான் கேட்கவில்லை.

கலியாணம் இங்கே நடந்தது. புறா வளர்ப்போர் சங்கத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்தோம். சுவரில் பரிசு பெற்ற புறாக்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன, அவற்றை மறைத்துச் சேலைகள் தொங்கவிட்டோம். பெண், அவளுடைய அண்ணன், அண்ணி, தாயார் நால்வரும் மூன்று கிழமை தங்க வந்திருந்தார்கள். என்னோடு அறை பகிர்ந்திருந்த மன்னார்க்காரத் தம்பி பெரிய மனது பண்ணித் தன் பாயைச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போனான். வீட்டில் அறைகள் இரண்டு. ஒன்றில் அவர்கள் மூவர், மற்றதில் நாங்கள். நடுவில் இருந்த கதவுக்குப் பூட்டு இல்லை. மாமியாருக்கு இரவில் இருமல் இருந்தது. அதை நான் இருமல் என்றே எடுத்துக்கொண்டேன்.

மூன்று கிழமை முடிய எல்லோரும் போனார்கள். அவளும் போனாள். போனதும் அங்கே என்னைக் கூப்பிட ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டாள். அதை நிரப்பும் முறையை நான்தான் இங்கிருந்து எழுதி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம் எங்கள் இல்லறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. ட்ராம் நிறுத்தத்துக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கூண்டில் நான் நிற்பேன். ஸ்காபரோவில் தொலைபேசி வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருந்தது. முதலில் மைத்துனர் எடுப்பார். பிறகு அண்ணி. பிறகு மாமியார். கடைசியாக அவளிடம் வரும். தொலைபேசியைக் கைமாற்றியவர்கள் யாரும் எழுந்து போவதில்லை. போனால் அது ஒரு மாதிரி இருக்கும். மருமகன் வெளிநாட்டிலிருந்து எடுக்கிறார் என்றால் மரியாதைக்கு எல்லோரும் அங்கேயே இருக்க வேண்டும். தொலைக்காட்சியின் சத்தத்தையும் குறைத்துவிடுவார்கள்.

"சாப்பிட்டீரோ?"

"ஓம். நீங்கள்?"

"ஓம். வேலை எப்பிடி?"

"பரவாயில்லை."

"குளிரோ?"

"ஓம். உங்களுக்கு?"

எனக்கும் குளிர்தான். கூண்டுக்கு வெளியே நிற்கிறவன் கண்ணாடியில் தட்டுவான். அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி, அண்ணனும் தாயும் பார்த்திருக்க, புருஷனிடம் இதற்கு மேல் பேசினால் அதைப் பற்றி ஒரு வருடத்துக்குக் கதை நடக்கும். கடிதத்திலும் வழி இல்லை. நான் எழுதுவதை முதலில் அண்ணி பிரிப்பார். அவள் எழுதுவதில் அடியில் எல்லோரும் இரண்டு வரி சேர்ப்பார்கள்.

அவள் மாலையில் ஆங்கில வகுப்புக்குப் போகத் தொடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிரைப் பற்றிப் பேசி முடித்த இடத்தில், திடீரென்று சொன்னாள்.

"வகுப்பில ஏரி படிப்பிச்சவை."

"என்ன ஏரி?"

"அஞ்சு இருக்காம். நாலுதான் எங்கட."

எங்கட என்ற சொல் எனக்குப் பிடித்தது. எந்த நாலு என்று கேட்டேன். சொன்னாள். பெரியது எது என்று கேட்டேன். சுப்பீரியர் என்றாள். வீட்டில் யாரும் காதை நீட்டவில்லை. இது படிப்பு விசயம், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பின்னணியில் தொலைக்காட்சியின் சத்தம் மறுபடி கூடியது. அன்று நாங்கள் முதன்முறையாக நீண்ட நேரம் பேசினோம்.

மறுநாள் நகர நூலகத்தில் நிலப்பட நூலொன்றை எடுத்துவந்தேன். அடுத்த கிழமைக்குத் தயாராக இருக்க வேண்டுமே. அவள் எல்லைகளைச் சொல்வாள், நான் ஆறுகளைக் கேட்பேன். அவளுக்குத் தெரியாததை வகுப்பில் கேட்டு வந்து சொல்வாள். மாகாணத்தின் மலர் ட்ரில்லியம். வெள்ளை, மூன்று இதழ், அடியில் மூன்று இலை, காட்டில் இளவேனிலில் பூக்கும்.

"அதைப் புடுங்கக் கூடாதாம்."

"சட்டமோ?"

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லினம்."

"சட்டமெண்டால் அதுக்கு ஒரு இலக்கம் இருக்கும். கேட்டுச் சொல்லும்."

அடுத்த ஞாயிறு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "ரீச்சருக்கும் தெரியாதாம். உங்களை வந்து படிப்பிக்கட்டாம்."

மன்னார்த் தம்பி சில நாட்களில் கூண்டுக்கு வெளியே எனக்காகக் காத்து நிற்பான். பீட்சாக் கடையில் வேலை முடிந்து வருகிறவன், உடுப்பில் மாவு ஒட்டியிருக்கும்.

"அண்ணை, நீங்கள் கதைக்கிறது பெண்சாதியோடயோ, பூமிசாத்திர ரீச்சரோடயோ?"

"உனக்கென்ன?"

"இல்லை, மரம் எவ்வளவு உயரம் எண்டு கேட்டீங்கள். நான் நினைச்சன் நீங்கள் அங்க போறது மரம் தறிக்கவோ எண்டு."

மரம் கிழக்கத்திய வெள்ளைப் பைன். கல் அமெதிஸ்ட், ஊதா நிறம். கொடி சிவப்பு, ஒரு மூலையில் பிரித்தானியக் கொடி, மறுபக்கத்தில் மாகாணத்தின் கேடயம். கேடயத்தில் மூன்று பொன்னிற மேப்பிள் இலைகள். முழுச் சின்னத்தில் மேலே ஒரு கரடி, இரண்டு பக்கமும் மூஸ் என்ற பெரிய மானும் சாதாரண மானும். அடியில் லத்தீன் வாசகம். அதை அவள் ஒரு ஞாயிறு எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு அர்த்தத்தைச் சொன்னாள்.

"விசுவாசமாத் தொடங்கினது, விசுவாசமாவே இருக்குது. அப்பிடியாம்."

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். பின்னால் மாமியாரின் குரல் கேட்டது. "என்னவாம் பிள்ளை?"

"ஒண்டுமில்லை அம்மா. கொடியைப் பற்றி."

என் கலியாண வாழ்க்கையில் நெருக்கமான கணம் எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அதனால்தான் யாரிடமும் சொல்வதில்லை.

இன்னொரு ஞாயிறு புதுச் செய்தியோடு வந்தாள். "இப்ப பறவையும் வைச்சிட்டினம். முந்தி இல்லையாம்."

"என்ன பறவை?"

"லூன். தண்ணிப் பறவை. ஒரு டொலர்க் காசுக் குத்தியில இருக்கிறது. ராவில கத்துமாம், ஆள் சிரிக்கிற மாதிரி."

"எப்பிடிக் கத்தும்? கத்திக் காட்டும்."

குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இஞ்ச ஏலாது."

அந்த வருடம் விசா நேர்முகத்துக்கு டெர்மின் வந்தது. பொன் (Bonn) நகரத்திலிருந்த கனடாத் தூதரகத்துக்குப் போக வேண்டும். நான் கோப்பு ஒன்று கட்டினேன். அப்படியொரு கோப்பை அந்த அலுவலகம் அதற்கு முன் கண்டிருக்காது. பதிவுச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, கலியாணப் படங்கள் நேர வரிசையில், ஒவ்வொன்றுக்கும் பின்னால் விளக்கம், கடிதங்கள் தேதிப்படி, முடிந்துபோன தொலைபேசி அட்டைகள் ஒரு உறையில். மன்னார்த் தம்பி புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதில ஒரு படத்திலயாவது நீங்கள் ரெண்டு பேரும் சிரிக்கேல்லையே" என்றான். எங்கள் கலியாணப் படங்களில் யார் சிரிக்கிறார்கள் என்றேன்.

அதிகாரி என் வயதுப் பெண்மணி, மரியாதையானவர். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். கோப்பை அவர் மெதுவாகப் புரட்டினார், மூடி ஒரு பக்கம் வைத்தார். அதைப் பார்த்த அந்த நிமிடமே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். கந்தோரில் நாங்களும் அப்படித்தான். ஒரு காணி உறுதிப் பத்திரம் மிகவும் சுத்தமாக வந்தால் இன்னொரு தரம் பார்ப்போம்.

மனைவி காலையில் எத்தனை மணிக்கு எழும்புவார் என்று கேட்டார். தெரியாது. தேநீரா கோப்பியா? ஊரில் எல்லோரும் தேநீர், ஆகவே தேநீர் என்றேன். தொழிற்சாலையில் என்ன செய்கிறார்? ஏதோ பொருத்துகிறார் என்றேன். அவருக்கு ஏதாவது நோய் வருத்தம் உண்டா? இல்லை. அறுவைச் சிகிச்சை? இல்லை. சிநேகிதிகள் யார்? இதற்கு நான் யோசித்தேன். வகுப்பாசிரியை என்றேன்.

"கடைசியாக எப்போது பேசினீர்கள்?"

"ஞாயிற்றுக்கிழமை."

"எதைப் பற்றி?"

நான் படித்தவன். அதிகாரியின் முன் உண்மையைச் சொல்வது என் பழக்கம்.

"வெள்ளைப் பைன் மரத்தைப் பற்றி."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதற்கு முந்திய முறை?"

"லூன் பறவை."

"அதற்கு முன்?"

"சின்னங்கள். கொடி, கேடயம்."

"நீங்கள் ஒன்ராறியோவைப் பற்றி நன்றாகப் படித்திருக்கிறீர்கள்" என்றார். நான் நன்றி சொன்னேன். அது பாராட்டு என்று நினைத்தேன்.

என்னை வெளியே உட்காரச் சொன்னார். அங்கிருந்தே ஸ்காபரோவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார், பிறகுதான் தெரிந்தது. அங்கே காலை நேரம். எடுத்தவர் மைத்துனர். விசா அலுவலகம் என்றதும் அவளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிட்டு, சமையலறையில் இருந்த மற்றத் தொலைபேசியைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டார். புருஷனோடு எதைப் பற்றிப் பேசுவீர்கள் என்ற கேள்வி வந்ததும், அவள் வாய் திறக்குமுன் சமையலறை வாசலில் நின்று கையைக் காட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவளும் அப்படியே சொன்னாள். பிள்ளை பெறுவதைப் பற்றி. வீடு வாங்குவதைப் பற்றி. அவருக்கு என்ன சமைத்துக் கொடுப்பது என்பதைப் பற்றி. ஒரு நல்ல மனைவி சொல்ல வேண்டியதெல்லாம். புருஷனோடு பேசுவது ஏரியும் மரமும்தான் என்று அண்ணனுக்கு முன்னால் சொல்ல அவளுக்கு வெட்கம்.

நான் சொன்னது உண்மை, அவள் சொன்னது முறை. இரண்டும் ஒத்துவரவில்லை. மறுப்புக் கடிதம் சில கிழமைகளில் வந்தது. கணவன் மனைவியாக வாழும் நோக்கம் இருப்பதாகத் திருப்தி ஏற்படவில்லை என்று எழுதியிருந்தது. அந்த அதிகாரியின் நாற்காலியில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். இன்னும் இரண்டு வரி குறைத்து.

மறுப்பை எதிர்த்து அப்பீல் செய்யலாம். ஆனால் அந்த உரிமை விண்ணப்பித்த என்னுடையதில்லை, ஸ்பொன்சர் செய்த அவளுடையது. குறித்த நாளுக்குள் அவள்தான் போட வேண்டும். எப்படிப் போடுவது, எந்த வாதத்தை முதலில் வைப்பது, வகுப்பாசிரியையிடம் என்ன கடிதம் வாங்குவது, எல்லாவற்றையும் நான் விரிவாக எழுதி அனுப்பினேன். மைத்துனர் தொலைபேசியில் என்மேல் பாய்ந்தார்.

"மச்சான், படிச்ச மனிசன் நீங்கள். ஆராவது விசா ஒஃபிசரிட்ட மரத்தைப் பற்றிச் சொல்லுவினமோ?"

"உண்மையைச் சொன்னன்."

"உண்மையாம். என்ர தங்கச்சியின்ர வாழ்க்கை போச்சு."

"நீங்கள் ஆர் அவவுக்குச் சொல்லிக் குடுக்க?"

"நான் சொல்லிக் குடுக்காட்டி அவளும் மரம் எண்டிருப்பாள்."

அவளும் மரம் என்றிருந்தால் நான் கனடாவில் இருந்திருப்பேன் என்பது மைத்துனருக்கு இன்றுவரை விளங்கியிருக்காது.

அதற்கடுத்த கிழமை, ஞாயிறு இல்லாத ஒரு நாளில், வீட்டுத் தொலைபேசி அடித்தது. அதற்கு முந்திய மாதம்தான் நாங்கள் வீட்டுக்கு இணைப்பு எடுத்திருந்தோம். மன்னார்த் தம்பி எடுத்துவிட்டு, என்னிடம் நீட்டி, சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். அவனுக்கு இருந்த மரியாதை ஸ்காபரோவில் ஒருவருக்கும் இருந்ததில்லை.

"நான்தான்" என்றாள். "வேலைக்குப் பக்கத்தில ஒரு பூத்தில நிக்கிறன். என்னோட ஒருத்தரும் இல்லை."

லொறிகள் போகும் சத்தம் கேட்டது.

"அப்பீல் போட்டிட்டீரோ? நாள் போகுது."

"அதைப் பிறகு கதைப்பம். ஏதாவது கதையுங்கோ."

"என்னத்தை?"

"ஏதாவது. இப்ப ஆரும் கேக்கேல்லை. நீங்கள் கேக்க நினைச்சதெல்லாம் கேளுங்கோ."

நான் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இரண்டரை வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காத்திருந்தது இப்படியொரு அழைப்புக்குத்தான் என்றே நினைத்திருந்தேன். அந்த வரவேற்பறையில் இருந்தவர்கள்தான் எங்கள் வாயை அடைத்தார்கள் என்று எனக்கு நல்ல உறுதி. இப்போது அவர்கள் இல்லை. நான் யோசித்தேன். அவள் காத்திருந்தாள். லொறிகள் போய்க்கொண்டிருந்தன.

"அங்க குளிரோ?" என்றேன்.

"ஓம்" என்றாள். பிறகு கேட்டாள். "உங்களுக்கு?"

"எனக்கும்."

பிறகு அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. வகுப்பில் விளங்காத ஒன்று கடைசியில் விளங்கினவளைப் போலச் சொன்னாள். "அந்த மனிசி சொன்னது பிழையில்லை என்ன?"

"எந்த மனிசி?"

"விசா மனிசி."

நான் அப்பீலின் கடைசி நாளைச் சொன்னேன். எந்த அலுவலகம், எத்தனை பிரதி என்றும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். காசுக் குத்திகள் முடிந்தன என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

நாள் போனது. அவள் போடவில்லை. மைத்துனர் அவளிடம் கத்தினாராம், தாயார் சாப்பிடாமல் இருந்தாராம், இருந்தும் அவள் போடவில்லை. அவளாக எடுத்த முதல் முடிவு அதுவாக இருந்திருக்கும். ஒரு வருடம் கழித்து அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அடியில் யாரும் வரி சேர்க்காத கடிதம் அது ஒன்றுதான். பிரிந்துகொள்ளலாம், நீங்கள் அங்கே முறை தெரிந்தவர், அங்கேயே செய்யுங்கோ என்று எழுதியிருந்தாள்.

செய்தேன். ஜெர்மன் சட்டத்தில் விவாகரத்துக்கு முன் கணவனும் மனைவியும் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். வழக்கமாக இதில்தான் சிக்கல் வரும். எந்த நாளில் பிரிந்தார்கள், ஒரே வீட்டில் இருந்துகொண்டு பிரிந்ததை எப்படி நிரூபிப்பது என்றெல்லாம் வழக்கறிஞர்கள் மண்டையை உடைப்பார்கள். நீதிபதி என்னைப் பார்த்து எப்போதிலிருந்து பிரிந்து வாழ்கிறீர்கள் என்று கேட்டார். கலியாணம் முடிந்த மூன்றாம் கிழமையிலிருந்து என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலால் ஒரு தரம் பார்த்தார், எழுதிக்கொண்டார். வேறு சான்று எதுவும் கேட்கவில்லை. நான் எத்தனையோ பேருக்கு எத்தனையோ விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். இவ்வளவு இலேசாக எதுவும் முடிந்ததில்லை.